கழிவு எண்ணெயில் எரியும் உலோக உலை: பர்னர் அமைக்கும் முறை

உலோகம் உருக்கி வார்க்கக் கற்றுக்கொள்பவர்கள் பெரும்பாலும் மரக்கரியில் தொடங்கி, பிறகு எரிவாயுவுக்கு மாறுகிறார்கள். மரக்கரியில் சாம்பலும் தூசியும் தொல்லை; எரிவாயு கைக்கு அடக்கமானது என்றாலும், அடிக்கடி உலை மூட்டுபவருக்குச் செலவு கட்டுப்படியாவதில்லை. இவ்விரண்டுக்கும் மாற்றாக, வண்டிகளிலிருந்து வடித்த எஞ்சின் எண்ணெயையும், பொரித்துத் தீர்ந்த சமையல் எண்ணெயையும் உலையில் எரிக்கலாம். ஒரு லிட்டர் எஞ்சின் எண்ணெயில் ஏறத்தாழ 37 மெகாஜூல் வெப்பம் அடங்கியிருக்கிறது. மின்சாரக் கணக்கில் சொன்னால் அது 10 யூனிட். சமையல் எண்ணெயில் இது சற்றுக் குறைவு. 660 டிகிரி செல்சியஸில் உருகும் அலுமினியத்துக்கும், 900 டிகிரியைத் தாண்டி உருகும் பித்தளைக்கும், 1085 டிகிரி வேண்டும் செம்புக்கும், உலை நன்றாகக் கட்டப்பட்டிருந்தால் வார்ப்பிரும்புக்கும்கூட இந்த எரிபொருள் போதும்.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவது, இது முதல் உலையில் செய்து பார்க்க வேண்டிய பர்னர் அன்று. மரக்கரியிலோ எரிவாயுவிலோ சில முறையாவது உருக்கி வார்த்து, இடுக்கியும், உலோகம் உருக்கும் கலமான மூசையும் கைக்குப் பழகியவர்களே இதைக் கையிலெடுக்க வேண்டும். இரண்டாவது, கழிவு எண்ணெயை எரிப்பதற்குப் பல நாடுகளில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் பகுதியின் விதியைக் கேட்டறிந்த பிறகே பொருள் வாங்குங்கள்.

எண்ணெய் எப்படி எரிகிறது

நீர்ம நிலையிலுள்ள எண்ணெய் எரிவதில்லை. அதிலிருந்து எழும் ஆவிதான் காற்றோடு கலந்து எரிகிறது. எரியும் தீக்குச்சியை விளக்கின் எண்ணெயில் நேராக முக்கினால் அது அணைந்துபோகும். திரியில் ஏறிய சிறிதளவு எண்ணெய் சூடேறி ஆவியாவதால்தான் சுடர் நிற்கிறது. எஞ்சின் எண்ணெய் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விட ஏறத்தாழ 200 டிகிரி வெப்பம் வேண்டும். ஆகவே எண்ணெய்ப் பர்னர் எதுவாக இருந்தாலும், எண்ணெயை ஆவியாக்குவதும், அந்த ஆவிக்கு வேண்டிய காற்றைக் கொடுப்பதும், எந்த நொடியிலும் எண்ணெயை நிறுத்த வழி வைத்திருப்பதுமாகிய மூன்று வேலைகளை அது செய்தாக வேண்டும். தீவிபத்தில் முடிபவை பெரும்பாலும் மூன்றாவதில் குறை வைத்த அமைப்புகளே.

ஆவியாக்க வழிகள் பல. அழுத்தக் காற்றால் எண்ணெயை உறிஞ்சிப் பனிபோலத் தெளிக்கும் சைபன் நாசில் ஒன்று. உருண்டையான பரப்பின்மீது எண்ணெயைப் படலமாக வழியவிட்டு, அந்தப் பரப்பிலுள்ள நுண்துளை வழியாகக் காற்றைச் செலுத்தித் தூளாக்கும் பாபிங்டன் முறை மற்றொன்று. இவை இரண்டுக்கும் கம்ப்ரசர் வேண்டும்; சைபன் நாசிலின் துளை கழிவு எண்ணெயின் அழுக்கில் எளிதில் அடைபடவும் செய்யும். புதியவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இவற்றைவிட எளியதான காற்றுக்குழாய்ப் பர்னரை. காற்று ஊதும் விசிறிக் கருவியான புளோயரின் காற்று பாயும் பெரிய குழாயின் நடுவே ஒரு மெல்லிய எண்ணெய்க் குழாய் செல்லும். அதன் முனையில் சொட்டும் எண்ணெயைக் காற்று சிதறடித்து உலைக்குள் வீசும். செந்நிறமாகக் காய்ந்த உலைச்சுவரில் பட்டதும் அது ஆவியாகி எரியும். நுண்துளை எதுவும் இல்லாததால் அடைப்பு அரிது. இந்த எளிமைக்கு ஈடாக, உலையை முன்கூட்டியே வேறொரு தீயில் நன்றாகக் காய வைத்த பிறகே எண்ணெயைத் திறக்க வேண்டும்.

காற்றின் அளவைக் கணக்கிட்டுக்கொள்வது நல்லது. ஒரு லிட்டர் எண்ணெய் முழுமையாக எரிய 10 முதல் 11 கனமீட்டர் காற்று வேண்டும். உள்விட்டம் 25 முதல் 30 சென்டிமீட்டர் உள்ள சிறிய உலை மணிக்கு 2 முதல் 4 லிட்டர் எண்ணெய் எரிக்கும். 3 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 32 கனமீட்டர், அதாவது நிமிடத்துக்கு 500 லிட்டருக்குச் சற்று மேல். ஆகையால் பெரிய புளோயர் தேவையில்லை. ஆனால் காற்றைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம் வேண்டும்.

எண்ணெயைத் தேர்ந்தெடுத்தல்

கிடைக்குமானால் பயன்படுத்திய சமையல் எண்ணெயையே முதலில் நாடுங்கள். எஞ்சின் எண்ணெயில் தேய்மானத்தால் கலந்த உலோகத் துகள்களும், துத்தநாகம், பாஸ்பரஸ் கொண்ட சேர்மானங்களும் இருக்கும்; அவை புகையோடு வெளியேறுவதுடன் உலைச்சுவரிலும் படிந்து அதை நாளடைவில் அரிக்கும். டிரான்ஸ்பார்மர் எண்ணெயை ஒருபோதும் எரிக்காதீர்கள். பழைய டிரான்ஸ்பார்மர்களில் பிசிபி எனப்படும் குளோரின் சேர்மங்கள் இருக்கக்கூடும். அவை எரியும்போது டையாக்சின், பியூரான் போன்ற கொடிய நஞ்சுகள் உருவாகின்றன. 2001ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை ஒழிக்க வேண்டியவை என்று பட்டியலிட்டுள்ள பொருள்களுள் பிசிபியும் ஒன்று. உலோகம் கடையும் பட்டறைகளின் வெட்டு எண்ணெயிலும் குளோரின் இருக்கலாம் என்பதால் அதையும் தவிருங்கள். ரேடியேட்டர் நீர்மம், பிரேக் ஆயில், பெயின்ட் தின்னர் ஆகியவை கலந்த எண்ணெயும் ஆகாது. பெட்ரோல் வாடை வீசும் எண்ணெயைத் தனியே ஒதுக்கிவிடுங்கள். சிறிதளவு பெட்ரோல்கூட எண்ணெய் தீப்பற்றும் வெப்பநிலையை வெகுவாகக் கீழே இறக்கிவிடும்.

எண்ணெயில் நீர் இருப்பதுதான் அடிக்கடி வரும் தொல்லை. நீர் ஆவியாகும்போது அதன் கன அளவு 1600 மடங்குக்கு மேல் பெருகும். பர்னருக்குள் அது நிகழ்ந்தால் சுடர் வெடித்துத் தெறிக்கும், அல்லது அணைந்துவிடும். எண்ணெயை உயரமான பாத்திரத்தில் ஓரிரு வாரம் அசையாமல் வைத்து, நீரும் சேறும் அடியில் தங்கிய பின் மேலிருப்பதை மட்டும் மெல்ல வடித்து, நெருக்கமான கம்பி வலையிலும் துணியிலும் வடிகட்டுங்கள். சோதிக்க எளிய வழி உண்டு. ஓர் இரும்புத் தகட்டை, நீர்த்துளி பட்டால் உருண்டு ஓடும் அளவுக்குச் சூடாக்கி, அதன்மீது ஒரே ஒரு சொட்டு எண்ணெயை விடுங்கள். எண்ணெய் சத்தமின்றிப் பரவி மெல்லப் புகைந்தால் நீர் இல்லை. சொட்டுக்குள் சிறு குமிழ்கள் எழுந்து சடசடவென்று பொரிந்தால், அந்த எண்ணெய் இன்னும் சில நாள் நிற்க வேண்டும். முகத்தைத் தள்ளி வைத்து, கண்ணாடி அணிந்து இதைச் செய்யுங்கள்.

குளிரில் எண்ணெய் கெட்டியாக ஓடினால் 10 முதல் 20 விழுக்காடு டீசலோ மண்ணெண்ணெயோ கலந்துகொள்ளலாம். பெட்ரோல் கூடவே கூடாது.

பர்னரைச் செய்தல்

காற்றுக்குழாய்க்கு உள்விட்டம் 50 மில்லிமீட்டர், நீளம் 40 முதல் 50 சென்டிமீட்டர் கொண்ட, தடித்த சாதாரண இரும்புக் குழாய் போதும். ஜி.ஐ. குழாய் ஆகாது, அதன் துத்தநாகப் பூச்சு வெப்பத்தில் ஆவியாகி, மூச்சில் போனால் குளிர்க்காய்ச்சலைப் போன்ற நோயைத் தரும். துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலைப்பக்க முனையை 38 அல்லது 40 மில்லிமீட்டராகக் குறுக்கினால் காற்றின் வேகம் கூடி எண்ணெய் இன்னும் நுண்ணிய துளிகளாகச் சிதறும்.

குழாயின் பின்முனையில் T வடிவ இணைப்பு ஒன்றைப் பொருத்துங்கள். அதன் பக்கவாட்டுக் கிளை வழியாகப் புளோயர் காற்று நுழையும். நேர்ப்பின்புறத்தை ஒரு திருகு மூடியால் அடைத்து, அதன் நடுவே துளையிட்டு, எண்ணெய்க் குழாயை அதன் வழியாக நேராக முன்னோக்கிச் செலுத்துங்கள். பக்கவாட்டில் துளையிட்டு எண்ணெய்க் குழாயை வளைத்து நுழைப்பதைவிட இதுவே மேல். முனையை முன்னும் பின்னும் நகர்த்திச் சுடரைச் சரிசெய்யலாம். கரி படிந்தால் ஒரு நட்டைத் தளர்த்தி அப்படியே உருவித் துடைத்துவிடலாம். துளையில் இறுக்குநட்டு உள்ள கம்ப்ரெஷன் இணைப்பை வைத்தால் குழாய் அசையாது, காற்றும் கசியாது.

எண்ணெய்க் குழாய் 6 மில்லிமீட்டர் வெளிவிட்டம் கொண்டதாக இருக்கட்டும். செம்பு வளைக்க எளிது, ஆனால் உலைமுனைக்கு எஃகோ ஸ்டெயின்லெஸ் எஃகோதான் நெடுநாள் உழைக்கும். அதன் முனை காற்றுக்குழாயின் வாய்க்கு 2 முதல் 3 சென்டிமீட்டர் உள்ளே நிற்க வேண்டும். மூன்று சிறு இரும்புத் துண்டுகளை எண்ணெய்க் குழாயைச் சுற்றி வெல்டிங் செய்தால், அது எப்போதும் நடுவில் நிற்கும். ஓரம் சாய்ந்த குழாய் எண்ணெயைக் காற்றுக்குழாயின் சுவரில் வழியவிடும். அப்படி வழிந்த எண்ணெய் சிதறாமல், வாய்ப்பகுதியிலேயே கரியாகக் கட்டிவிடும்.

உலைச்சுவரில் பர்னர் நுழையும் துளை, வட்டத்தின் மையத்தை நோக்காமல், உள்சுவரை ஒட்டிச் செல்லும்படி பக்கவாட்டில் அமைய வேண்டும். அப்போதுதான் தீ மூசையைச் சுற்றிச் சுழன்று மேலேறும். தீநாக்கு நேரே மூசையில் மோதினால் அந்த ஓரிடம் மட்டும் வெந்து மூசை விரிசல் விடும். மூசை நிற்கும் பீடத்தின் மேல்மட்டத்துக்கு ஒத்த உயரத்தில் துளை இருக்கட்டும். பர்னர் உலையை நோக்கிச் சில டிகிரி கீழே சரிந்திருக்க வேண்டும் என்பதை மறக்கவே கூடாது. சரிவு இருந்தால், சுடர் அணைந்தாலும் மிச்ச எண்ணெய் உலைக்குள்தான் வழியும். இல்லாவிட்டால் அது புளோயரை நோக்கிப் பின்வாங்கும். மூசை உடைந்து உலோகம் கொட்டினால் பர்னருக்குள் ஏறாமல் வெளியேற, உலையின் அடியில் ஒரு வடிதுளையும், அதன்கீழ் உலர்ந்த மணலும் வேண்டும். பர்னரின் வாய் உள்சுவரோடு சமமாகவோ சற்று உள்ளடங்கியோ இருக்கட்டும். தீக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பு விரைவில் உதிர்ந்துவிடும்.

உலைச்சுவருக்குச் செராமிக் கம்பளி பயன்படுத்துபவர்கள் அதை வெட்டும்போது துகள் வடிக்கும் முகமூடி அணிந்து, வேலை முடிந்ததும் தீக்களிமண் கலவையால் அதன் மேற்பரப்பை முழுவதும் மூடிவிட வேண்டும். அதன் இழைத்தூள் நுரையீரலுக்குக் கேடு.

எண்ணெய்த் தொட்டியும் குழாய்த்தொடரும்

தொட்டி உலோகத்தாலானதாக, 10 லிட்டருக்கு மேற்படாததாக இருக்கட்டும். அதை உலையிலிருந்து குறைந்தது 2 மீட்டர் பக்கவாட்டில் தள்ளி, பர்னர் மட்டத்துக்கு 1 முதல் 1.5 மீட்டர் உயரத்தில், உறுதியான தாங்கியில் வையுங்கள். உலைக்கு நேர்மேலே தொட்டியைத் தொங்கவிடாதீர்கள். மூடியில் காற்று நுழையச் சிறு துளை வேண்டும். அது இல்லாவிட்டால் எண்ணெய் தயங்கித் தயங்கி வரும். எண்ணெய் வெளியேறும் வாயைத் தொட்டியின் அடியிலிருந்து சில சென்டிமீட்டர் மேலே அமைத்தால், மிச்ச நீரும் மண்டியும் அடியிலேயே தங்கும்.

தொட்டிக்கு அருகே ஒரு பால் (ball) வால்வு, அதற்கடுத்து வடிகட்டி, கையெட்டும் தொலைவில் ஒரு நீடில் வால்வு என்ற வரிசையில் இணையுங்கள். ஓட்டத்தைச் சீராக்குவது நீடில் வால்வின் வேலை. முற்றாக நிறுத்துவது பால் வால்வின் வேலை. ஒன்றின் வேலையை மற்றொன்றிடம் கேட்காதீர்கள். பால் வால்வை அடைய உலையைக் கடந்து போக வேண்டியிருந்தால் அதன் இடத்தை மாற்றிவிடுங்கள். உலைக்கு நெருங்கிய கடைசி ஒரு மீட்டரிலாவது ரப்பரோ பிளாஸ்டிக்கோ இல்லாமல் உலோகக் குழாயே இருக்க வேண்டும்.

மின்சாரம் நின்றால் புளோயர் நிற்கும், ஆனால் உயரத்திலிருந்து இறங்கும் எண்ணெய் நிற்காது. இதற்காக, மின்சாரம் இருக்கும்போது மட்டும் திறந்திருந்து மின்சாரம் போனதும் தானாக மூடிக்கொள்ளும் சோலினாய்டு வால்வு ஒன்றைப் புளோயரின் சுவிட்சோடு சேர்த்து இணையுங்கள். இந்தப் பர்னருக்காகச் செய்யும் செலவுகளில் இதைத்தான் நான் முதலாவதாக வைப்பேன். எனினும் மின்சாரம் இருக்கும்போதே மோட்டார் பழுதாகலாம், காற்றுக்குழாய் கழன்றுவிடலாம். அவற்றை இந்த வால்வு அறியாது. அதனால் எண்ணெய் ஓடும் வரை உலையருகே ஓர் ஆள் இருந்தாக வேண்டும்.

புளோயரைப் பர்னரைவிட உயரமான மட்டத்தில், ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி வையுங்கள்.

மூட்டும் வரிசை

திறந்தவெளியில், கூரையில்லாத இடத்தில் மட்டுமே மூட்டுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையில்லை. தீயணைப்புத் தூள் நிரப்பிய தீயணைப்பானும், உலர்ந்த மணல் நிறைந்த வாளியும் கையருகே இருக்கட்டும். எரியும் எண்ணெய்மீதும் உருகிய உலோகத்தின்மீதும் நீர் ஊற்றக் கூடாது. பருத்தியும் தோலும் உடுத்துங்கள். செயற்கை இழை உடலோடு உருகி ஒட்டும். முகக்காப்பு, தோல் கையுறை, கால்சட்டைக்குள் அடங்கிய தோல் காலணி ஆகியவை இல்லாமல் உலையருகே நிற்காதீர்கள்.

புதிதாகப் பூசிய உலையை முதலில் சிறுதீயில், பல மணி நேரம், படிப்படியாகக் காய வைத்து ஈரத்தைப் போக்குங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் எண்ணெய் வால்வுகள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, உலைக்குள் மரக்கரியோ விறகோ இட்டுப் பற்ற வைத்து, புளோயரை மிகக் குறைந்த காற்றில் ஓடவிடுங்கள். எரிவாயு டார்ச்சின் தீயைத் துளை வழியே காட்டியும் காய வைக்கலாம். பகல் வெளிச்சத்தில் நிழலிலிருந்து பார்த்தாலும் உள்சுவர் தெளிவாகச் செந்நிறம் காட்டும் வரை காத்திருங்கள். புதியவர்கள் அவசரப்படுவது இந்த இடத்தில்தான். சுவர் போதிய சூடில்லாமல் எண்ணெயைத் திறந்தால் அது எரியாமல் வெள்ளைப் புகையாக, உலை மூடியிலுள்ள துளையான மூடித்துளை வழியே எழும். அந்தப் புகை முழுவதும் தீப்பற்றக்கூடிய எண்ணெய் ஆவி.

சுவர் சிவந்ததும், முன்தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கையில், பால் வால்வைத் திறந்து நீடில் வால்வை மிகச் சிறிதளவு திருகுங்கள். மூடித்துளைக்கு நேர்மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். சில நொடியில் உலையின் ஒலி மாறி ஆழ்ந்த இரைச்சல் கேட்கும். அது நிலைத்த பிறகு சிறிது எண்ணெய், அதற்கேற்பச் சிறிது காற்று என்று மாறி மாறிக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் திருகினால் எதனால் எது மாறியது என்று தெரியாமல் போகும்.

முதல் இருபது நிமிடம் வால்வை விட்டுக் கையை எடுக்காமல் இருப்பது நல்லது. உலையின் வெப்பத்தில் குழாயிலுள்ள எண்ணெய் இளகி வேகமாக ஓடத் தொடங்கும். பின்னர்த் தொட்டியின் மட்டம் இறங்க இறங்க ஓட்டம் தானே தணியும்.

சுடரைப் படித்தல்

மூடித்துளையைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். கரும்புகை வந்தால் எண்ணெய் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. புகையே இல்லாமல், துளைக்கு மேல் ஒரு சாண் அளவுக்குள் தெளிந்த மஞ்சள் நாக்கு நின்றால் கலவை சரி. சுடர் முற்றிலும் உள்ளடங்கி, இரைச்சல் கூடி, சுவரின் நிறம் மங்கினால் காற்று மிகுதி; மிகுதிக் காற்று உலையைக் குளிரச் செய்வதோடு உலோகத்தையும் கசடாக்கும். சற்று எண்ணெய் மிகுந்த பக்கமே நிற்பது உருக்குவதற்கு நல்லது, ஆனால் புகை காணும் அளவுக்குப் போகக் கூடாது.

வெள்ளைப் புகை கண்டால், சுடர் அணைந்துவிட்டது என்றே கொள்ளுங்கள். உடனே பால் வால்வை மூடுங்கள். புளோயரை நிறுத்தாதீர்கள், சில நிமிடம் அது ஓடி ஆவியை வெளியே தள்ளட்டும். விலகி நின்று, புகை முற்றிலும் தீர்ந்த பின், முன்தீயிலிருந்து மறுபடி தொடங்குங்கள். தீக்குச்சியோடு உலைக்குள் எட்டிப் பார்ப்பவர்களின் முகத்தில்தான் ஆவி வெடிக்கிறது.

சீரான ஓட்டத்தில் சுடர் விட்டுவிட்டுத் துடித்தால், எண்ணெயில் நீர் இருக்கலாம், வடிகட்டி பாதி அடைத்திருக்கலாம், அல்லது தொட்டி மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கலாம். இம்மூன்றில் காற்றுத்துளையை முதலில் பாருங்கள், அதுதான் எளிது.

உருக்கும்போது உலோகத் துண்டுகளை உலை மூடியின் ஓரத்தில் வைத்து முன்சூடு ஏற்றியே மூசையில் இடுங்கள். ஈரமான துண்டு உருகிய உலோகத்தில் மூழ்கினால் அது முழுவதையும் வெளியே வீசிவிடும். இந்தப் பர்னருக்கு வலிமை அதிகம் என்பதால் அலுமினியம் எளிதில் தேவைக்கு மேல் காயும். அளவு மீறிக் காய்ந்த அலுமினியம் ஹைட்ரஜனை உறிஞ்சி, வார்ப்பில் நுண்துளைகளை உண்டாக்கும். பெரும்பாலான வார்ப்புகளுக்கு 700 முதல் 750 டிகிரி போதும். பித்தளையை அளவு மீறிக் காய வைத்தால் துத்தநாகம் வெண்புகையாகக் கிளம்பும். அந்தப் புகை உங்களை நோக்கி வராதபடி, காற்று வீசிவரும் பக்கமாக நின்று வேலை செய்யுங்கள். வார்க்கும் இடத்தில் வெறும் சிமென்ட் தரை இருக்கக் கூடாது. அதில் ஊறியுள்ள ஈரம் உலோகம் பட்டதும் ஆவியாகித் தரையைச் சில்லுச் சில்லாகத் தெறிக்கச் செய்யும்; உலர்ந்த மணலைப் பரப்பி அதன்மேல் வார்ப்புப் பெட்டியை வையுங்கள்.

நிறுத்தும் வரிசை

மூசையை வெளியே எடுக்கும் முன் எண்ணெயை நிறுத்துங்கள். பால் வால்வை முதலில் மூடுங்கள். குழாயில் எஞ்சிய எண்ணெய் எரிந்து தீரும் வரை நீடில் வால்வு திறந்தே இருக்கட்டும். சுடர் அடங்கிய பின்னும் புளோயர் குறைந்த காற்றில் ஐந்து நிமிடமாவது ஓட வேண்டும். அதை முன்பே நிறுத்தினால் உலையின் வெப்பமும் ஆவியும் பர்னர் வழியே பின்னோக்கி வந்து காற்றுக்குழாயையும் புளோயரையும் கெடுக்கும்.

உலை முழுவதும் ஆறிய மறுநாள் எண்ணெய்க் குழாயை உருவி, முனையில் இறுகிய கரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுங்கள். உள்துளையில் மெல்லிய கம்பியைச் செலுத்தித் துடைத்து, மண்ணெண்ணெயில் அலசுங்கள். வடிகட்டியைக் கழுவி, தொட்டியின் அடியில் தங்கிய நீரையும் மண்டியையும் தனிக் கலனில் வடித்து, கழிவு எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள்; மண்ணிலோ சாக்கடையிலோ ஊற்றாதீர்கள். பர்னரின் வாய் மெலிந்து ஓரம் சுருண்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் அறுத்துவிட்டுப் புதிய துண்டை வெல்டிங் செய்யலாம். முன்முனையைத் தொடக்கத்திலேயே திருகு மரையோடு அமைத்திருந்தால் இதற்கு வெல்டிங்கும் தேவைப்படாது.